கைத்துப்பாக்கியும் கொடுவிலங்கும்: 'ஆபத்து' என்கிற சொல் குறித்துச் சில குறிப்புகள்

யானை, சிங்கம், காட்டெருமை, கரடி, சிறுத்தை ஆகியவற்றைக் கைத்துப்பாக்கியால் சுட்டுக் கொல்வது உலகின் சில பகுதிகளில் தனியொரு விளையாட்டாக வளர்ந்து நிற்கிறது. அதற்கென்று தோட்டா வகைகள் உண்டு. சாதனைப் பட்டியல்கள் உண்டு. கட்டணங்களும் வழிகாட்டிகளும் உண்டு. ரைஃபிளால் சுடுவது எல்லோரும் செய்வதுதான், கைக்குள் அடங்குகிற ஒன்றை வைத்துக்கொண்டு நெருங்கிப் போய்ச் சுடுவதல்லவா வீரம் என்பது இவர்களுடைய வாதம். இந்த வாதம் எங்கிருந்து வருகிறது, அதில் 'ஆபத்து' யாருடையது என்று பார்ப்பதுதான் இங்கே என் வேலை.

நெல்லும் கரும்பும் விளைகிற பாகூர்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு இதெல்லாம் எதுக்குய்யா என்று நண்பர்கள் கேட்டார்கள். நியாயந்தான். வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் புலியும் இல்லை, யானையும் இல்லை. சங்கராபரணி ஆற்றோரம் நரி ஊளையிட்டதைக் கேட்டவர்கள்கூட இப்போது பெருசுகள்தான். வில்லியனூர் என்னும் பெயரில் வில் ஒலிக்கிறதே என்று யாரும் குதிக்க வேண்டாம். தலபுராணம் அதை வில்வ வனம் என்கிறது. ஆனாலும் கைத்துப்பாக்கிக்கும் புதுச்சேரிக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் கருவியைப் பற்றி. தோட்டாவின் வலிமையை அதன் எடையும் வேகமும் தீர்மானிக்கின்றன. மருந்து எரிந்து எழுகிற வாயு, குழலுக்குள் இருக்கும்வரைதான் தோட்டாவைத் தள்ளும். குழல் நீண்டால் தள்ளுகிற நேரமும் நீளும். கைத்துப்பாக்கியின் குழல் குட்டை. எனவே வேகம் குறைவு. ரைஃபிள் தோளில் ஊன்றிக்கொள்கிறது, இதுவோ மணிக்கட்டில் உதைக்கிறது. குறி பார்க்கும் முன்முனையும் பின்முனையும் அருகருகே இருப்பதால் கையின் சின்ன நடுக்கம் இலக்கில் பெரிய பிசகாகிவிடும். எண்களிலும் சொல்லலாம். நம் நாட்டு ஆயுதத் தொழிற்சாலை குடிமக்களுக்கு விற்கிற .32 ரிவால்வரின் தோட்டா 200 ஜூலுக்கும் குறைவான ஆற்றலோடு வெளியேறுகிறது. 1955இல் அமெரிக்காவில் வந்த .44 மேக்னம் ஏறத்தாழ 1,300 ஜூல். 2003இல் வந்த .500 மேக்னம், ஏறக்குறைய இரண்டு கிலோ எடையுள்ள ரிவால்வரில் இருந்து, 3,500 ஜூல் அளவுக்கு. ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் பெருவிலங்குக்குக் குறைந்தபட்சமாகக் கருதப்படுகிற .375 ரைஃபிளோ 5,800ஐத் தொடுகிறது. அதாவது கைத்துப்பாக்கிகளில் ராட்சசன் என்று சொல்லப்படுவதுகூட, யானைக்கு முன்னால் ரைஃபிள்களில் நோஞ்சானைவிடக் கீழே நிற்கிறது.

யானையின் மூளை அதன் தலையின் பருமனோடு ஒப்பிட்டால் சின்னது. தேன்கூடு போன்ற அறைகள் கொண்ட எலும்புக்குப் பின்னால், ஆழத்தில் இருக்கிறது. தோட்டா அதுவரை நேராகப் போய்ச் சேர வேண்டும். போகாவிட்டால் யானை சாகாது, காயம்படும். காயம்பட்ட யானை எங்கே போகும்? காட்டோர ஊருக்கு, விறகு பொறுக்குகிறவள் வருகிற பாதைக்கு. சுட்டவர் அதற்குள் விமானம் ஏறியிருப்பார்.

இப்படிப்பட்ட கருவியை எடுத்துக்கொண்டு போகிற எண்ணம் அமெரிக்காவில் பிறந்தது என்றுதான் பொதுவாக நினைக்கிறார்கள். பெருவிலங்கை மனதில் வைத்துச் செய்த கைத்துப்பாக்கி பெயர் பெற்றது இந்தியாவில். அதன் பெயரே ஹௌதா பிஸ்டல், அதாவது அம்பாரித் துப்பாக்கி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் யானைமேல் அம்பாரி கட்டிப் புலி வேட்டைக்குப் போன வெள்ளைக்காரத் துரைகள், இரட்டைக்குழல் ரைஃபிள்களைக் குட்டையாக அறுத்து இடுப்பில் வைத்துக்கொண்டார்கள். பிறகு லண்டனிலும் பர்மிங்ஹாமிலும் இதற்கென்றே செய்து அனுப்பினார்கள். இரண்டு குழல், நான்கு குழல், .577 போன்ற பெருங்குழல் அளவுகள். காயம்பட்ட புலி யானையின் மத்தகத்திலோ விலாவிலோ பாய்ந்து ஏறினால், நீண்ட ரைஃபிளைத் திருப்ப இடமும் இருக்காது, நேரமும் இருக்காது. அப்போது கை நீட்டி முகத்தில் சுட இந்தப் பிஸ்டல். கடைசி நொடிக்கான கருவி இது. வேட்டைக்காக யாரும் இதை எடுத்துப் போகவில்லை, வேட்டை பிசகினால் தேவைப்படும் என்றுதான் எடுத்துப் போனார்கள்.

இதில் நான் கவனிக்க விரும்புவது அம்பாரியை அல்ல, யானையின் கழுத்தை. அங்கே பாகன் உட்கார்ந்திருக்கிறான். மத்தகத்தில் பாய்கிற புலிக்கு முதலில் எட்டுகிற மனிதன் அவன்தான். அவன் கையில் அங்குசம். 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் லிட்டன் காலத்தில் வந்தபோது, ஐரோப்பியர்களுக்கு உரிமம் வேண்டியதில்லை, இந்தியருக்கு வேண்டும் என்றானது. வேட்டையை 'ஆபத்தான விளையாட்டு' என்று எழுதி வைத்த நினைவுக்குறிப்புகள் எத்தனையோ உண்டு. அந்த ஆபத்தின் பெரும்பங்கைச் சுமந்த பாகனும், பறையடித்துக் காட்டைக் கலைத்த கூலிகளும், தடம் பார்த்துச் சொன்ன இருளரும் குறும்பரும் அந்தப் பிரதிகளில் பெயரில்லாமல் வந்துபோகிறார்கள். கென்னத் ஆண்டர்சன் (1910–1974) போன்றவர்களிடம் இது கொஞ்சம் வேறுபடும். ஜவளகிரி, சேகூர்ப் பக்கத்துக் காட்டு மனிதர்களைப் பெயர் சொல்லி எழுதினார், அவர்களுடைய அறிவை ஒப்புக்கொண்டார். ஆனாலும் கதையின் நாயகன் யார் என்பதில் அவருக்கும் சந்தேகம் வந்ததாகத் தெரியவில்லை.

ஜார்ஜ் ஆர்வெல் 1936இல் பர்மாவை வைத்து எழுதிய யானைக் கட்டுரையை இங்கே நினைத்துக்கொள்ளலாம். மதம் கொண்ட யானை ஒரு கூலியைக் கொன்றுவிடுகிறது. போலீஸ் அதிகாரியின் கையில் இருப்பது .44 அளவுள்ள பழைய ரைஃபிள். அது யானையைக் கொல்லாது என்று அவருக்கே தெரியும். யானைத் துப்பாக்கியை வரவழைக்கிறார். அதற்குள் யானை அமைதியாகப் புல் தின்றுகொண்டிருக்கிறது. சுடத் தேவையில்லை. பின்னால் நிற்கிற கூட்டம் பார்க்கிறது, அதனால் சுடுகிறார். சுடப்படும் நேரத்தில் அந்த யானை ஆபத்தான விலங்கே அல்ல. துரை துரையாக இருப்பதற்கு அது அப்படி ஆக்கப்பட வேண்டியிருந்தது.

அமெரிக்கர்களின் பங்களிப்பு, கடைசி நொடிக்கான கருவியை முதல் கருவியாக்கியது. எல்மர் கீத் போன்றவர்கள் பல ஆண்டுகள் வற்புறுத்தியதன் பலனாகத்தான் .44 மேக்னம் வந்தது. 1967இல் வந்த காண்டெண்டர் என்ற ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கியில் குழலை மாற்றிக்கொண்டே போகலாம். ரைஃபிள் தோட்டாவையும் அதில் போடலாம், மேலே தொலைநோக்கியும் பொருத்தலாம். கட்டையில்லாத ரைஃபிள் என்றே சொல்லிவிடலாம் போல. இப்படியானவற்றால் யானையையும் கொன்றிருக்கிறார்கள். கொல்ல முடியுமா என்ற கேள்விக்கு முடியும் என்பதே பதில். அதை மறைப்பானேன்?

ஆனால் படத்துக்கு வெளியே ஒருவர் நிற்கிறார். ஆப்பிரிக்க சஃபாரிகளில் தொழில்முறை வேட்டைக்காரர் என்று ஒருவர் கட்டணத்தோடு சேர்ந்தே வருவார். வாடிக்கையாளரின் தோளுக்குப் பின்னால், பெரிய அளவு ரைஃபிளோடு. கைத்துப்பாக்கி பிசகினால் இவர் சுடுவார். அதாவது நெருங்கிப் போகிற துணிச்சலுக்குக் காப்பீடு எடுக்கப்பட்டிருக்கிறது. ஆர்வெலின் முதுகுக்குப் பின்னால் கூட்டம். இவரின் முதுகுக்குப் பின்னால் ரைஃபிள். இங்கே ஆபத்து என்பது அளந்து, விலை வைத்து, பாதுகாப்போடு விற்கப்படுகிற பண்டம். வாங்குகிறவருக்குக் கிடைப்பது ஆபத்தின் அனுபவம். அதன் மிச்சம் தடம் பார்க்கிறவனுக்கும், காயம்பட்ட விலங்கு ஓடிப்போகிற திசையில் உள்ள ஊருக்கும்.

தமிழ் சினிமாவும் இந்தக் கைத்துப்பாக்கியை விடவில்லை. 1964இல் வந்த எம்.ஜி.ஆரின் 'வேட்டைக்காரன்' கௌபாய் உடையிலேயே வேட்டைக்காரனைக் காட்டியது. எழுபதுகளில் கர்ணனின் 'கங்கா' வகைப் படங்களில் ரிவால்வர் இடுப்பிலேயே குடியிருந்தது. அந்த உடையும் துப்பாக்கியும் நம் ஊர்க் காட்டுக்குச் சம்பந்தமில்லாதவை என்று யாருக்கும் தோன்றவில்லை. டூரிங் டாக்கீஸில் விசில் பறந்தது. அது போகட்டும்.

நெருங்கிப் போய்க் கொல்லும் வீரம் நமக்குப் புதிதா என்றால், இல்லை. குறளின் படைச்செருக்கு அதிகாரத்தில் இரண்டு இடங்கள் இதற்கு நேராகவே வருகின்றன. 772ஆம் குறள், காட்டு முயலைத் தைத்த அம்பைவிட யானைமேல் எறிந்து தவறிய வேலே கையில் இருப்பதற்கு இனிது என்கிறது. 774, கைவேலை யானைமீது எறிந்து இழந்தவன், தன் உடம்பில் தைத்திருந்த வேலைப் பறித்தெடுத்து அடுத்த ஆயுதம் கிடைத்தது என்று சிரிப்பதைச் சொல்கிறது. புறநானூறு 152இல் வன்பரணர் காட்டுகிற வல்வில் ஓரியின் அம்பு யானையை வீழ்த்தி, புலி, மான், பன்றி எல்லாவற்றையும் கடந்து உடும்பில் போய்த் தைக்கிறது. இன்றைய தோட்டா விளம்பரங்கள் பேசுகிற 'ஊடுருவல்' ஓரிக்கு முன்னால் நிற்காது.

'ஆஹா, நம் முன்னோர் அன்றே' என்று ஆரம்பிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். குறள் பேசுவது போர்க்களத்து யானை. வேட்டை அல்ல. அந்த யானைமேல் இன்னொரு படை உட்கார்ந்திருக்கிறது. முயலும் யானையும் இங்கே உவமைக்கு வந்தவை. ஓரியின் பாட்டோ, பரிசில் வேண்டி நிற்கிற புலவரின் வாய்மொழி. மிகை அதன் இலக்கணம். இலக்கியப் பிரதியை வேட்டைக் கையேடாகப் படிக்கிற வழக்கம் நம் துறையில் ஒழிய வேண்டிய ஒன்று. எம்.ஏ. வகுப்பில் நான் பார்த்த ஆய்வேடுகளில் பாதி இந்த ரகம்.

அதே சங்கப் பாடல்களில் தினைப்புனம் காக்கிற காட்சிகளை யாரும் வீரம் என்று எண்ணுவதில்லை. பரண்மேல் நின்று கவண் கல் எறிவார்கள், தட்டை, குளிர் என்னும் ஒலிக்கருவிகளைத் தட்டுவார்கள், தீப்பந்தம் காட்டுவார்கள். விலங்கு போய்விட வேண்டும், அவ்வளவுதான். பெரும்பாலும் பெண்கள் செய்த வேலை. கொல்வதைப் பாடிய புறத்தை எடுத்துக்கொண்டோம், விரட்டுவதைச் சொன்ன அகத்தைக் காதல் கதைக்கு ஒதுக்கிவிட்டோம்.

நடுகற்கள் வேறொன்றைச் சொல்கின்றன. தர்மபுரி, செங்கம் வட்டாரங்களில் ஆநிரைப் பூசலில் பட்டவர்களுக்கே பெரும்பாலான கற்கள். இவற்றோடு, புலியோடு பொருது இறந்தவர்களுக்கும் கல் நட்டிருக்கிறார்கள். கொங்குப் பகுதியில் அதற்குப் புலிகுத்திக் கல் என்றே பெயர். குட்டை வாளோ ஈட்டியோ புலியின் உடம்பில் இறங்குகிற நிலையில் செதுக்கியிருப்பார்கள். கையெட்டும் தூரம்தான். ஆனால் கல் எழுந்தது செத்த மனிதனுக்கு. வேட்டைப் புகைப்படத்தில் செத்தது விலங்கு. மனிதன் அதன்மேல் காலோ கையோ வைத்துச் சிரிக்கிறான். இரண்டும் ஒரே வீரமரபின் தொடர்ச்சி என்று எழுதுகிறவர்கள், எது படுத்திருக்கிறது என்பதை மட்டும் பார்த்தால் போதும்.

இனிப் புதுச்சேரி. 1878 சட்டம் பிரிட்டிஷ் எல்லையோடு நின்றுவிட்டது. பிரஞ்சு மண் அதற்கு வெளியே. வ.வே.சு. ஐயர் 1910இல் இங்கே வந்து சேர்ந்தார். இளைஞர்களுக்குப் பிஸ்டல் சுடப் பழக்கினார். கருவடிக்குப்பம் பக்கம் என்று சொல்வார்கள். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் ரயில் பெட்டிக்குள் இருந்த கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் பிஸ்டலால். அதுவும் கையெட்டும் தூரம். வாஞ்சியின் கடிதத்தில் இருந்த 'மிலேச்சர்' என்ற சொல்லும் அதன் சனாதன நெடியும் பல ஆண்டுகளாக விவாதிக்கப்பட்டு வருகின்றன. தலித் விமர்சகர்கள் எழுப்பிய கேள்விகளைத் தள்ளிவிட்டு இனி யாரும் அந்தக் கதையைச் சொல்ல முடியாது. என் கவனம் இங்கே வேறு. கைத்துப்பாக்கி என்பது அடிப்படையில் மனிதனுக்காகச் செய்யப்பட்ட கருவி. அதன் அளவும் எடையும் மறைத்து வைக்கிற வசதியும் மனித உடம்பை மனதில் வைத்தவை. அதை விலங்குக்கு எதிரே நீட்டுகிறபோது அந்த விலங்கு ஓர் எதிரியாக, ஏறக்குறைய ஒரு மனிதனாக மாற்றப்படுகிறது. மனிதனுக்கு எதிரே நீட்டும்போது மனிதன் விலங்காக்கப்படுகிறான். 'மிலேச்சர்' என்ற சொல் அந்த வேலையைத்தான் செய்தது. அந்தப் பக்கத்தில் ராஜத்துரோகி என்ற சொல்லும் அதையே செய்தது.

பிஸ்டல் பழக்கிய அதே ஐயர்தான் இதே புதுச்சேரியில் இருந்தபோது திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்தார். 1916இல் அது வெளிவந்தது. யானைக்குத் தவறிய வேலையும் உடம்பில் இருந்து பறித்த வேலையும் அவர் எந்த மனநிலையில் பெயர்த்திருப்பார் என்று யோசித்துப் பார்க்கலாம். யோசிக்கத்தான் முடியும்.

பிரஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாகப் போய் இந்தோ-சீனாவில் இருந்து திரும்பிய பென்ஷன்காரர்கள் எங்கள் பக்கத்தில் இருந்தார்கள். அவர்களில் ஒருத்தர் சைகோன் பக்கத்துக் காட்டில் ரிவால்வரால் புலி சுட்ட கதையைத் திண்ணையில் உட்கார்ந்து சொல்வார். ஒவ்வொரு தடவையும் புலி ஒரு முழம் வளரும். "அந்தாண்ட புலி, இந்தாண்ட நானு, நடுவுல ஒரு முழங்கூட இல்ல தம்பி" என்பார். அங்கே யாரோடு சண்டை போட்டீர்கள், யாரைச் சுட்டீர்கள் என்று கேட்டால் மட்டும் பேச்சு மாறிவிடும். காலனி நாட்டில் இருந்து இன்னொரு காலனி நாட்டை அடக்கப் போன மனிதருக்குப் புலிக்கதை எவ்வளவு தேவைப்பட்டிருக்கும் என்பது இப்போது புரிகிறது.

சட்டம் இந்தச் சொல்லை எப்படிக் கையாள்கிறது? 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 9ஆம் பிரிவில் வேட்டையைத் தடுத்துவிட்டு, 11ஆம் பிரிவில் ஒரு கதவை வைத்திருக்கிறது. முதல் அட்டவணையில் உள்ள விலங்கு மனித உயிருக்கு ஆபத்தாகிவிட்டது என்று தலைமை வன உயிரினக் காப்பாளர் கருதினால், காரணத்தைக் குறித்து எழுத்துமூலம் அனுமதி தரலாம். பிடிக்கவோ மயக்கவோ இடம் மாற்றவோ முடியாது என்றால்தான் கொல்லலாம். ஆக, புலி பாயும்போது ஆபத்தாவதில்லை. காகிதத்தில் கையெழுத்து விழும்போது ஆபத்தாகிறது. கேலியாகச் சொல்லவில்லை, இது நல்ல ஏற்பாடு என்பதே என் கருத்து. யார் வேண்டுமானாலும் ஆபத்து என்று அறிவித்துவிட்டுச் சுட்ட காலம் எப்படி இருந்தது என்று நமக்குத் தெரியும். அரசாங்கமே புலித்தலைக்குப் பரிசுப் பணம் கொடுத்த காலம் அது.

அந்தக் கையெழுத்தின் இரு முடிவுகளை நீலகிரியிலேயே பார்த்தோம். 2014 ஜனவரியில் தொட்டபெட்டா வட்டாரத்தில் மூன்று பேரைக் கொன்ற புலி சுட்டுக் கொல்லப்பட்டது. 2021இல் கூடலூர், மசினகுடிப் பகுதியில் தேடப்பட்ட டி23 புலிக்கும் முதலில் அப்படித்தான் உத்தரவு. உடனே கொல்லத் தேவையில்லை என்று சென்னை உயர்நீதிமன்றம் சொன்னது. கும்கிகள், நாய்கள், டிரோன்கள், பழங்குடித் தடங்காண்போர் என்று மூன்று வாரம் அலைந்து, அக்டோபர் 15 அன்று மயக்க ஊசி போட்டு உயிரோடு பிடித்தார்கள். அத்தனை நாளும் புலிக்குப் பக்கத்தில், புதருக்குள், தடம் பார்த்து முன்னால் நடந்தவர்களை யாரும் வேட்டைக்காரர் என்று அழைக்கவில்லை. அந்த மூன்று வாரமும் மேய்ச்சலுக்கும் தோட்ட வேலைக்கும் போக முடியாமல் இருந்தவர்களின் பயத்தையும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். நகரத்தில் இருந்துகொண்டு புலிக்குக் கண்ணீர் விடுவது சுலபம்.

எங்கள் பக்கத்தின் கொடுவிலங்கு எது என்று கடைசியாகப் பார்த்துவிடலாம். நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன். 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஏறத்தாழ 12 லட்சம் பேர் பாம்புக் கடியால் இறந்திருக்கிறார்கள். ஆண்டுக்குச் சராசரியாக 58,000. பெரும்பாலும் கிராமத்து மனிதர்கள். வரப்பில் நடக்கிறவன், வைக்கோல் பிடுங்குகிறவள், தரையில் படுத்துத் தூங்குகிறவர்கள். புலியும் யானையும் சேர்ந்து கொல்வது இந்தக் கணக்கின் பக்கத்தில்கூட வராது. ஆனால் எந்தச் சாதனைப் பட்டியலிலும் கட்டுவிரியன் இல்லை. கைத்துப்பாக்கியோடு படம் எடுத்துக்கொள்ள அது பெரிசாக இல்லை போலும்.

அதைத் தேடிப் போகிறவர்கள் இருளர்கள். கையில் ஒரு கடப்பாரை, ஒரு கோல், ஒரு துணிப்பை. வரப்புப் பொந்தின் வாயில் மண் வழவழப்பாகத் தேய்ந்திருக்கிறதா, செதில் பட்ட கோடு உள்ளே போகிறதா, வெளியே வருகிறதா என்று குந்தி உட்கார்ந்து படிப்பார்கள். எழுபதுகளில் பாம்புத்தோல் வாணிபம் தடைசெய்யப்பட்டபோது பிழைப்பு போனது. 1978இல் ரோமுலஸ் விட்டேகரின் முயற்சியோடு இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் இயங்குகிற அந்தச் சங்கத்தில், அரசு அனுமதித்த எண்ணிக்கையில் பாம்புகளைப் பிடித்து வந்து, நஞ்சு எடுத்து, சில வாரங்களில் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். அந்த நஞ்சில் இருந்துதான் மருத்துவமனைகளில் போடுகிற முறிமருந்து வருகிறது.

2016இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலம், பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைக் குறைக்க ஒரு போட்டியே நடத்தியது. ஏறத்தாழ ஆயிரம் பேர் கலந்துகொண்டு, ஒரு மாதத்தில் 106 பாம்புகளைப் பிடித்தார்கள். அடுத்த ஆண்டு ஜனவரியில் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு இருளர்களை அங்கே அழைத்துப் போனார்கள். மொழி தெரியாது, நிலம் தெரியாது, அந்தப் பாம்பும் அவர்கள் ஊர்ப் பாம்பு அல்ல. முதல் எட்டு நாளில் 13 பிடித்தார்கள். அதில் ஒன்று பதினாறு அடி நீளம். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. அப்போது செய்தித்தாள்கள் அவர்களைப் பாம்புபிடிக்காரர்கள் என்று எழுதின, வேட்டைக்காரர்கள் என்று எழுதவில்லை.